அறுபத்தாறு கிலோ, பெட்ரோல் இல்லாமல்

துளை

வண்டி அறுநூறு கிராம் இளைத்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிற தொழில் எங்களுடையது. அன்றைக்கு எங்கள் வண்டி சரியாக அறுநூறு கிராம் இளைத்திருந்தது.

இடம் கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறைக்காடு. நடப்பது ட்ரையல்ஸ் பைக் போட்டி. இது ரேஸ் இல்லை. தயவுசெய்து நீங்களாவது “எவ்ளோ ஸ்பீடு போவும்?” என்று கேட்காதீர்கள், கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நின்றுகொண்டே ஓட்டி, பாறை மேல் பாறையாக ஏறி இறங்க வேண்டும். கால் தரையில் பட்டால் ஒரு மார்க் தண்டம், விழுந்தால் அஞ்சு. கடைசியில் யாருக்குத் தண்டம் குறைச்சலோ அவர்தான் ஜெயித்தவர். இதில் ஒரு விதி உண்டு. பெட்ரோல் இல்லாமல் வண்டி அறுபத்தாறு கிலோவுக்குக் குறையக் கூடாது. ஓட்டுகிற ஆள் எத்தனை கிலோ என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

எங்கள் வண்டியை ஓட்டுகிறவர் எஸ்தர் அக்கா. தயார் பண்ணுவது ஆரணிக்குப் பக்கத்தில் சேவூரில் இருக்கும் ரஹீம் பாய் ஷெட். துளை போட்டது நான். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு பாயிடம் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. “சும்மா கீற இரும்புல நாலு ஓட்டை போடுடா தினா, வெயிட்டு கொறையும்” என்று சொல்லிவிட்டு பாய் தொழுகைக்குப் போனார். நாலு போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. செயின் கவரில் போட்டேன், பிரேக் பெடலில் போட்டேன், கால் வைக்கிற கட்டையின் பிடியில் போட்டேன். நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. பாய் திரும்பி வந்தபோது டிரில் சூடாகிப் புகைந்துகொண்டிருந்தது.

எடை போடும் அதிகாரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அக்கா ஹெல்மெட் மாட்டித் தயாராக நிற்கிறார். அதிகாரி குனிந்து ஒரு துளை வழியாகப் பார்த்தார். அந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். துளை வழியாகவே என்னிடம் கேட்டார்:

“தம்பி, வண்டியில ஓட்டை போட்டீங்களா, ஓட்டைங்களைச் சேர்த்து வண்டி பண்ணீங்களா?”

மூன்று பக்கக் கடிதம்

எஸ்தர் அக்காவின் அப்பா சாமுவேல் சார், எனக்குக் கணக்கு எடுத்தவர். நான் படிப்பை விட்டதற்கு அவர் முழுக் காரணம் இல்லை, பாதிக்கு மேல். பாறைக்காட்டிலிருந்து நாங்கள் ஓட்டாமலே திரும்பி வந்த மறுநாள் அவர் ஷெட்டுக்கு வந்தார். வண்டியிலிருந்து விழுந்து அக்காவுக்கு இரண்டு தடவை காறை எலும்பு முறிந்திருக்கிறது. அதனால் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: “அடுத்த மாசம் பெரிய போட்டி. அதுல முதல் மூணு இடத்துக்குள்ள வந்தா நான் பேச மாட்டேன். வரலைன்னா வண்டியை வித்துடுவேன்.” வண்டி அவர் பேரில்தான் இருக்கிறது. அக்கா தலையை ஆட்டினார். பாய் என்னைப் பார்த்தார். நான் டிரில்லைப் பார்த்தேன்.

போகிற போக்கில், “அதென்ன அறுபத்தாறு?” என்று சார் கேட்டுவிட்டார். அதுதான் தப்பாகிப் போனது. பாய் விதியைச் சொன்னார். சார் போகவில்லை. உட்கார்ந்தார். எங்கள் பில் புக்கைத் திருப்பிப் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். எஸ்தர் நாற்பத்தாறு கிலோ. போட்டிக்கு வருகிற ஓசூர்க்காரர் ஒருவர் தொண்ணூற்றிரண்டு கிலோ. இரண்டு பேருக்கும் ஒரே அறுபத்தாறு. பாறை மேல் ஏறும்போது உடம்பைத் தூக்கிப் போட்டுத்தான் வண்டியை இழுக்க வேண்டும். அவருக்கு வண்டி உடம்பில் முக்கால் பங்கு கூட இல்லை, இவருக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு. “அப்படின்னா இவளோட வண்டி முப்பத்து மூணு கிலோதானே இருக்கணும்!” என்று எழுந்து நின்றார். “அந்த வெயிட்டுல ஹேண்டில்பார், ரெண்டு டயரு, மீதிக்கு ஆண்டவர்தான் சார்” என்றார் பாய்.

சார் அன்றைக்கே போட்டி நடத்துகிறவர்களுக்கு மூன்று பக்கம் கடிதம் எழுதினார். ஓட்டுகிறவரையும் வண்டியையும் சேர்த்து எடை போட வேண்டும், அதற்கு நிரூபணம் இணைப்பில். பத்து நாளில் பதில் வந்தது: ‘தங்கள் கணக்கு சரி. விதியில் மாற்றமில்லை.’ கணக்கு சரி என்று ஒத்துக்கொண்ட பிறகும் விதி மாறாதது சாருக்குப் பொறுக்கவில்லை. தினமும் ஷெட்டுக்கு வந்து அந்தப் பதிலைப் படித்துக் காட்டிப் பொருமினார். மூன்றாவது நாள் எஸ்தர் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அப்பா, நீங்க வண்டிக்கு எதிரியா, ரூலுக்கு எதிரியா, மொதல்ல அதை முடிவு பண்ணிகினு வாங்க.”

சாக்குக் கழிவு

துளையை அடைக்க முடியாது. ஆகவே அறுநூறு கிராமுக்கு ஒரு இரும்புப் பட்டையை வெட்டி இன்ஜினுக்குக் கீழே பற்ற வைத்தோம். எங்கள் ஷெட்டில் எடை மிஷின் கிடையாது. ஆரணியில் ரைஸ் மில்லுக்கா பஞ்சம்? வண்டியை மினி வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு மில்லுக்குப் போனோம். நெல் மூட்டை எடை போடும் பெரிய தட்டில் வண்டியை ஏற்றினேன். எடை போடுகிறவர் தன் மேஜைப் பக்கம் திரும்பியிருக்கும் நம்பரைப் பார்த்து உரக்கச் சொன்னார்: “அறுபத்தஞ்சு!”

இன்னும் ஒரு கிலோ குறைகிறது. பாய்க்கு ஆச்சரியம். நான் அவசரக்காரன், யோசிக்கவில்லை. ஷெட்டுக்குப் போய் இன்னொரு பட்டை. திரும்ப மில். “அறுபத்தஞ்சே முக்கால்!” இன்னொரு பட்டை. இதற்கு நடுவில் அக்கா தினமும் சேவூர் ஏரிக்கரைப் பாறைகளில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். “தினா, வண்டி வரவரக் கனமா கீதுடா, மணிக்கட்டு வலிக்குது” என்றார். “இன்னும் அறுபத்தாறே வரலக்கா” என்றேன். எடைத் தட்டை நம்பி, ஓட்டுகிற ஆளைச் சந்தேகப்பட்டேன். அதுதான் இந்தத் தொழிலில் முதல் பாவம்.

மூன்றாவது தடவை அக்காவும் மில்லுக்கு வந்தார். வண்டியை இறக்கியதும் சும்மா விளையாட்டுக்குத் தட்டில் ஏறி நின்றார். “நாப்பத்தஞ்சு!” என்றார் எடை போடுகிறவர். அக்கா முகம் சுருங்கியது. காலையில்தான் ஆஸ்பத்திரியில் நாற்பத்தாறு பார்த்திருக்கிறார். நான் மேஜையைச் சுற்றி ஓடிப்போய் நம்பரைப் பார்த்தேன். நாற்பத்தாறு! மூட்டை ஏறினால் சாக்குக்கு ஒரு கிலோ கழித்துச் சொல்லிச் சொல்லி அவர் வாய்க்கு அது பழகிவிட்டது. வண்டிக்கும் கழித்திருக்கிறார். அக்காவுக்கும் கழித்திருக்கிறார். முதல் பட்டையிலேயே சரியாக இருந்த வண்டி இப்போது அறுபத்தேழரைக்கு மேல். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவர் அசையவே இல்லை.

“நெல்லோ வண்டியோ ஆளோ, எங்க தட்டுல ஏறினா சாக்கு போவும் தம்பி.”

இனிப்பு எங்கே?

கூடுதல் பட்டைகளை அறுத்து எடுத்தோம். ஆனாலும் பாய்க்கு சாரின் கணக்கு மண்டையில் ஏறிவிட்டது. “வண்டியை இளைக்க வெக்க ரூலு உடாது. ஆளைக் கொழுக்க வெக்க எந்த ரூலும் இல்ல. அக்காவை அம்பது கிலோ ஆக்கு!” அன்றிலிருந்து பாய் வீட்டிலிருந்து தினமும் மதியம் பிரியாணி டிபன் கேரியரில் சாமுவேல் சார் வீட்டுக்குப் போக ஆரம்பித்தது. கொண்டுபோகிறவன் நான். வழியில் கொஞ்சம் குறையும், அதை ஒத்துக்கொள்கிறேன். அதே வாரம் ஓசூர்க்காரர் போனில் ஒரு வீடியோ போட்டிருந்தார். வண்டி எடையைக் குறைக்க முடியாததால் உடம்பைக் குறைக்கிறாராம், வெள்ளரிக்காய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரே விதி, ஒருத்தருக்கு வெள்ளரிக்காய், ஒருத்தருக்குப் பிரியாணி.

பதினைந்து நாளில் அக்கா முந்நூறு கிராம் கூடினார். ஆனால் தெருவில் விஷயம் வேறு மாதிரி கூடியது. சார் வீட்டுப் பெண்ணுக்கு எடை கூட்டுகிறார்கள், வெளியிலிருந்து தினமும் சாப்பாடு வருகிறது, சார் ராத்திரி பகல் கணக்குப் போடுகிறார் என்றால் வேறு என்ன இருக்க முடியும்? சர்ச்சில் ஒரு அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இனிப்பு எங்கே, மாப்பிள்ளை எந்த ஊர், ஆள் எப்படி, ஒல்லியா தடியா? அக்காவுக்கு மணிக்கட்டு வலி வேறு. கையை உருவிக்கொண்டு ஒரே பதில்தான் சொன்னார்:

“மாப்பிள்ளை அறுபத்தாறு கிலோ ஆன்ட்டி, பெட்ரோல் இல்லாம.”

மயில்

முதல் பட்டையில் இன்னொரு கோளாறு கண்டுபிடித்தோம். அது ஒரு பக்கமாக இருந்ததால் பாறை விளிம்பில் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. அதை எடுத்துவிட்டு, நடுவில் ஒரு சின்னப் பெட்டி பற்ற வைத்து, அதற்குள் கிராம் கணக்கில் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஏதாவது போட வேண்டும். எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் குப்புசாமி மாமா பட்டுத் தறி வைத்திருக்கிறார். சேலைக் கரையில் டிசைன் போடுகிற தறியில், மேலே போன நூல் திரும்பக் கீழே வருவதற்காக ஒவ்வொரு நூலின் அடியிலும் ஒல்லியான இரும்புக் குச்சி தொங்கும். ஒன்று முப்பது கிராம். இருபது குச்சி போட்டால் கணக்கு தீர்ந்தது. மாமாவைக் கேட்டேன். “மூலையில ஓடாத தறி ஒண்ணு கீது, அதுல எடுத்துக்கோ” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கரண்ட் இல்லை. அறைக்கு நாலு மூலை. எந்த மூலை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கைக்குக் கிடைத்த தறியின் அடியில் படுத்து இருபது குச்சியை அவிழ்த்துக்கொண்டு வந்து, பெட்டியில் அடைத்து மூடிவிட்டேன். அக்கா ஏறி ஓட்டிப் பார்த்தார். வண்டி சாயவில்லை. பாய் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அரை மணி நேரம் நான் பெரிய இன்ஜினியர்.

பிறகு மாமா வந்தார். கையில் எதுவும் இல்லை, முகத்தில் எல்லாம் இருந்தது. கல்யாணச் சேலையாம், கரை முழுக்க மயிலாம். கரண்ட் வந்ததும் வந்து தறியில் உட்கார்ந்து ஒரு விரற்கடை நெய்த பிறகுதான் பார்த்திருக்கிறார், மேலே போன நூல் கீழே வரவே இல்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்று மயில் கம்பீரமாக நிற்கிறது, நாலாவது மயிலுக்குக் காலும் இல்லை கழுத்தும் நிற்கவில்லை. குச்சியெல்லாம் திருப்பிக் கட்டி, கெட்டுப்போன இழைகளை அவரோடு உட்கார்ந்து பிரித்தேன். சாயங்காலம் அவரே என் கையைப் பிடித்து ஓடாத தறியைக் காட்டி இருபது குச்சி கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னார்:

“உங்க வண்டி நேரா நிக்கறதுக்கு என் மயிலு குப்புற வுழணுமாடா?”

ஒரு மார்க்

பெரிய போட்டி போளூர்ப் பக்கம் ஒரு மலையடிவாரத்தில். எடைத் தட்டில் வண்டி ஏறியது. நான் யார் வாயையும் பார்க்கவில்லை, நம்பரை மட்டும் பார்த்தேன். அறுபத்தாறு கிலோ, ஐம்பது கிராம். பழைய அதிகாரிதான். வண்டியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், ஸ்டிக்கர் ஒட்டினார். என் வாழ்க்கையில் நான் பாஸான ஒரே பெரிய பரீட்சை அது.

பத்து இடம் ஏற வேண்டும். ஒன்பதாவது வரைக்கும் அக்கா மூன்றாவது, ஓசூர்க்காரரும் அதே தண்டத்தில். சாமுவேல் சார் ஒரு பாறை மேல் நின்று தண்டம் எழுதிக்கொண்டிருந்தார். பத்தாவதில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கல். அங்கே வண்டியை ஒரே இழுப்பில் தூக்க வேண்டும். ஓசூர்க்காரர் அதைக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். அக்கா முன்சக்கரத்தை ஏற்றிவிட்டார், பின்சக்கரமும் ஏறிவிட்டது. உச்சியில் வண்டி ஒரு நொடி பின்னால் இழுத்தது. நாற்பத்தாறே சொச்சம் கிலோ ஒரு பக்கம், அறுபத்தாறும் பெட்ரோலும் ஒரு பக்கம். இடது கால் கல்லில் பட்டது. பட்டது என்றால் பட்டது, ஒரு பூனை பால் நக்குகிற நேரம். ஒரு மார்க். நாலாவது இடம்.

சார் பேனாவை மூடினார். அக்கா ஹெல்மெட்டைக் கழட்டாமலே ஒரு கல் மேல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வந்த ஓசூர்க்காரர் எங்களிடம் வந்தார். நல்ல மனுஷன். அக்காவுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார், பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தார், உண்மையான மரியாதையோடு சொன்னார்:

“சிஸ்டர், உங்க வெயிட்டுக்கு ஏத்த மாதிரி வண்டி குடுத்தா நாங்கல்லாம் ஊட்டுக்குப் போவ வேண்டியதுதான், அதனால ரூல் இப்படியே இருக்கட்டும்.”

வேலூரிலிருந்து வந்தவர்

சார் சொன்ன சொல் தவற மாட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து பதினொரு மணிக்கு, வேலூரிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அக்கா சர்ச்சிலிருந்து ஷெட்டுக்கு வரவில்லை, நேராக வீட்டுக்குப் போய்விட்டார். பாயும் வேண்டுமென்றே யாரோ ஒருவருடைய கிளட்ச் ஒயரை மாட்டப் போய்விட்டார். ஷெட்டில் சாரும் நானும் வண்டியும். சார் வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டு வகுப்பில் சொல்கிற குரலில் சொன்னார்: “தினகரா, நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். வண்டிக்குப் பக்கத்துல நிக்கணும். வாயைத் திறக்கக் கூடாது.”

வந்தவருக்குப் புதுசாகக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. ஒல்லியாக, சிவப்பாக, ஒரு மாதிரி வெட்டுக்கிளி போல இருக்கும், பிடிக்காமல் என்ன? அவர் சாரிடம் கேட்டார்: “நல்லா ஓடும்ங்களா?” சார், “நல்லா ஓடும்” என்றார். அது பொய் இல்லை. “சீட்டு எப்ப மாட்டித் தருவீங்க?” என்றார். சார் வண்டியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அந்த அம்மா வண்டியில் எங்கே உட்காருவது என்று புடவையைப் பிடித்துக்கொண்டு இடம் தேடிக்கொண்டிருந்தார்.

நான் எவ்வளவு நேரம்தான் நிற்பேன்? ஆரம்பித்துவிட்டேன். சீட்டு கிடையாது, எப்போதும் கிடையாது. ரெண்டு லிட்டருக்கு மேல் பெட்ரோல் கொள்ளாது. ஹெட்லைட் இல்லை, ஹார்ன் இல்லை. வேலூர் வரைக்கும் நின்றுகொண்டே போகலாம், உங்க வீட்டம்மாவை உங்க தோளில்தான் உட்கார வைத்துக்கணும். பாறை ஏறத்தான் வாங்குகிறீர்கள் என்றால் உங்களை ஒரு வருஷமாவது விழ வைக்கும், காறை எலும்புக்கு ஒரு நல்ல டாக்டரை இப்போதே பார்த்து வைங்க. இதைச் சரியாக ஓட்டத் தெரிந்தவர் இந்த ஊரில் ஒருத்தர்தான், அவர் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அவர் தோற்றது ஒரே ஒரு மார்க்கில். எல்லாம் உண்மை. ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. அந்த அம்மா கணவரின் கையைப் பிடித்து வாசலுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

திட்டு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. சார் வண்டியிடம் போய், அக்கா காலை ஊன்றிய பக்கத்தில் ஒட்டியிருந்த காய்ந்த மண்ணை விரலால் சுரண்டிக்கொண்டே நின்றார். என்னைப் பார்க்காமலே, “ஒரே மார்க்கு. ஒரு மார்க்குல ஃபெயிலான பசங்களுக்கு நானே எத்தனை தடவை மறுகூட்டலுக்கு எழுதிக் குடுத்திருக்கேன்” என்றார். அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கேட்டார்:

“அடுத்த போட்டி எப்போன்னு உங்க பாய்க்குத் தெரியுமாடா?”

வண்டிக்கு அறுபத்தாறு கிலோ என்று எழுதி வைத்தவர்கள் வாய்க்கு எந்த அளவும் எழுதி வைக்கவில்லை என்பதால், வாயை மூடிக்கொண்டு நில் என்று எனக்குச் சொன்ன அந்த ஒரே ஒரு வேலையை நான் செய்யவில்லை.